வெட்டுப்புள்ளியும் வயிற்றுவலியும்

தரம் ஐந்தில் படிக்கும் பிள்ளை காலையில் எழும்பியதும் வயிறு வலிக்கிறது என்கிறது. வைத்தியரிடம் காட்டினால் வயிற்றில் ஒன்றுமில்லை. பிள்ளை நடிக்கிறது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். வலி உண்மையானதுதான், அதன் காரணம் மட்டும் வயிற்றில் இல்லை. தூக்கத்தில் திடுக்கிட்டு எழும்புவதும், காரணமில்லாமல் அழுவதும், நகம் கடிப்பதும் பத்து வயதில் பரீட்சைப் பயத்தின் அடையாளங்களாக இருக்கலாம்.

புலமைப்பரிசில் பரீட்சையில் இரண்டு வினாத்தாள்கள், மொத்தம் 200 புள்ளிகள். மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும் வெட்டுப்புள்ளியைப் பல வீடுகளில் சித்தி, தோல்விக்கான எல்லையாகவே பார்க்கிறார்கள். உண்மையில் அது உதவிப்பணம் பெறுவோரின் எண்ணிக்கைக்கு ஏற்பப் போடப்படும் கோடு. நாட்டிலுள்ள எல்லாப் பிள்ளைகளும் திறமையாக எழுதினாலும் பெரும்பாலானோர் அதற்குக் கீழேதான் நிற்பார்கள். இதைப் பிள்ளைக்குச் சொல்வதற்கு முன்னர் நாம் நம்ப வேண்டும்.

அப்படியானால் படிக்கவே வேண்டாமா? படிக்க வேண்டும், ஆனால் இப்போது படிப்பிக்கும் விதத்தில் அல்ல. பாடசாலை முடிய ரியூசன், இரவில் மாதிரி வினாத்தாள், விடிய எழுப்பி இன்னொன்று. புள்ளி போட்டவுடன் வினாத்தாள் மூலைக்குள் போய்விடுகிறது. பிள்ளை பிழைவிட்ட கேள்வியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பத்து வினாத்தாள் செய்து பத்திலும் அதே பிழையை விடுவதால் என்ன பயன்?

ஒரு வினாத்தாள் செய்தால் அடுத்த நாள் புதிதாக ஒன்றைக் கொடுக்காதீர்கள். பிழைத்த கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். தெரியாமல் பிழைத்ததா, கேள்வியைச் சரியாக வாசிக்காமல் பிழைத்ததா என்று பிள்ளையே சொல்லட்டும். இரண்டு நாள் கழித்து விடையைப் பார்க்காமல் மீண்டும் செய்யட்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை.

சத்தம்போட்டு வாசிக்கும் பிள்ளையைப் பார்க்க நமக்குத் திருப்தியாகத்தான் இருக்கும். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்க மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்தின் பின் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் ஒரு வாரத்தின் பின், வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முன்னுக்கு நின்றார்கள். அந்த ஐந்து நிமிட வெற்றியைத்தான் நாம் படிப்பு என்று நினைத்து ஏமாறுகிறோம். புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததை அம்மம்மாவுக்குச் சொல்லிக்காட்டும் பிள்ளை அதிகம் படிக்கிறது.

நித்திரையை வெட்டிப் படிப்பிப்பதும் நட்டம்தான். இந்த வயதுக்கு ஒன்பது மணித்தியாலமாவது தேவை. பகலில் படித்தது மூளையில் பதிவதே நித்திரையில்தான். பரீட்சைக்கு முந்திய நாட்களில் வகுப்புகள் நடத்துவதையும் மாதிரி வினாத்தாள் விநியோகிப்பதையும் பரீட்சைத் திணைக்களம் ஒவ்வொரு வருடமும் தடைசெய்கிறது. ரியூசன் நின்றாலும் வீட்டில் அம்மாவின் வகுப்பு நிற்பதில்லை.

பரீட்சை மண்டபத்துக்கு வெளியே இன்னொரு காட்சி. பிள்ளை வாசலைத் தாண்டுவதற்குள் "எத்தனை சரி?" என்று கேட்டு, அங்கேயே விடை பார்க்கத் தொடங்குகிறார்கள். அன்றைக்குத் தண்ணீரும் சாப்பாடும் கொடுத்து வீட்டுக்குக் கூட்டிப் போங்கள். பரீட்சை முடிந்தும் பிள்ளை சாப்பிடாமல், விளையாடாமல், ஒதுங்கியே இருந்தால் வைத்தியரிடம் பேசுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.