குப்பை மேடு காடான கதை

சயான் ஸ்டேஷனில் இறங்கி, பாந்த்ரா செல்லும் இணைப்புச் சாலையில் வந்தால், தாராவி பஸ் டிப்போ அருகே அடர்ந்த மரக்கூட்டம் ஒன்று தெரியும். அதுதான் மகாராஷ்டிரா நேச்சர் பார்க். நம்மவர்களில் பலர் தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போய் வருகிறோம். உள்ளே போய்ப் பார்த்தவர்கள் குறைவு. ரயில்வேயில் காலம் தள்ளிய நானும், ஓய்வு பெற்ற பிறகுதான் பேரனைக் கூட்டிக்கொண்டு முதல் தடவையாக உள்ளே போனேன்.

சுமார் 37 ஏக்கர் கொண்ட இந்த இடம், 1977 வரை நகரத்தின் குப்பையைக் கொட்டிய மேடு. இதைக் காடாக்கலாம் என்ற யோசனையை முன்வைத்தவர்கள், உலக வனவிலங்கு நிதியத்தின் இந்தியக் கிளையைச் சேர்ந்த இயற்கை ஆர்வலர்கள். 1983-ல் பறவையியல் அறிஞர் சாலிம் அலி கன்று நட்டுத் தொடங்கி வைத்தார். 1991-ல் இது பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டது. 1994 ஏப்ரல் 22 அன்று பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

குப்பையின் மேல் மரம் வளர்ப்பது லேசான காரியமல்ல. மக்கும் குப்பை உள்ளே சூடாகும், வாயு கிளம்பும், மேடு வருடா வருடம் அமுங்கும். புதிதாகப் போட்ட ரயில் கரையும் இப்படித்தான் இறங்கும். கேங்மேன்கள் திரும்பத் திரும்ப ஜல்லி பேக்கிங் செய்தால்தான் தண்டவாளம் மட்டத்தில் நிற்கும். காட்டுக்கும் அதே கதைதான். மேலே நல்ல மண் வேண்டும். வறட்சி தாங்கும் மரங்கள் முதலில் வேர் பிடிக்க வேண்டும். அவை உதிர்க்கும் இலை மக்கி உரமான பிறகுதான் மற்றவை வரும். நடுவது ஒரு நாள் வேலை. பராமரிப்பு ஆயுள் வேலை.

பூங்காவின் பின்புறம் மித்தி நதி ஓடுகிறது. விகார், பவாய் ஏரிகளின் உபரி நீர், சுமார் 18 கிலோமீட்டர் ஓடி மாகிம் கழிமுகத்தில் கலக்கிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. சயான், குர்லா பக்கம் தண்டவாளமே தெரியவில்லை. அன்றிரவு டியூட்டியில் இருந்த நான் இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். மழை நீர் கடலுக்கு இறங்கும் நேரத்தில் கடலும் ஏறி வந்தால், ஆற்றுக்குப் போக்கிடம் இல்லை. அப்போது தண்ணீர் பரவி நிற்கக் கரையோரம் இடம் வேண்டும். அந்த இடத்தைத்தான் நாம் பல வருடங்களாக மண் போட்டு மூடி வந்திருக்கிறோம்.

பூங்காவின் ஆற்றோரத்தில் அலையாத்தி மரங்கள் நிற்கின்றன. பிச்சாவரத்தில் படகில் போய்ப் பார்க்கிறோமே, அந்த வகைதான். சேற்றிலிருந்து ஆணி அடித்தாற்போல் மேலே நீட்டும் வேர்களால் மூச்சு விட்டு, கரை மண்ணைப் பிடித்துவைக்கும். இந்த 37 ஏக்கர் மட்டும் மும்பையைக் காப்பாற்றிவிடாது. ஆனால் இருப்பதையும் விட்டால் என்ன மிஞ்சும்?

நிர்வாகம் எம்.எம்.ஆர்.டி.ஏ. சார்ந்த ஒரு சொசைட்டியின் கையில் இருக்கிறது. என்றாலும், சம்பளம் வாங்காமல் வந்து போகிறவர்களும் இதற்கு உயிர் கொடுக்கிறார்கள். நான் போன அன்று பள்ளிப் பிள்ளைகளுக்குப் பறவை காட்டிக்கொண்டிருந்த இளைஞர், பேச்சுக் கொடுத்ததும் தமிழில் பதில் சொன்னார். தாராவிக்காரர், பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. "எங்க தாத்தா காலத்துல இந்தப் பக்கம் மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் நடக்கணுமாம் சார்" என்றார். வேரில் சிக்கிய பிளாஸ்டிக் பைகளை அவரும் நண்பர்களும் கையாலேயே எடுக்கிறார்களாம். அடுத்த ஏற்றத்தில் மறுபடி வருமே என்று கேட்டேன். "மறுபடி எடுப்போம்" என்றார். கேங்மேன் பேச்சு அது!

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் இந்த இடமும் போய்விடுமோ என்று ஆர்வலர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். பூங்கா அந்தத் திட்டத்தில் சேராது என்று 2023-ல் அரசு உயர் நீதிமன்றத்தில் கூறியது. நல்ல செய்திதான். ஆனால் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தின் மேல்தான் எல்லோருக்கும் கண் விழும்.

ஆகவே அன்பர்களே, ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளுடன் போய் வாருங்கள். திறக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். கொண்டுபோகும் பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கொண்டு வாருங்கள். முடிந்தால் இன்னொரு தடவையும் போங்கள். பிழைக்க வந்த ஊர் என்கிறோம். பேரப் பிள்ளைகளுக்கு இதுதான் சொந்த ஊர்.