பொய்ச் செய்தியும் மனிதரின் நினைவும்

செங்கற்பட்டிற்குத் தெற்கே, மதுராந்தகத்தை அடுத்துள்ள கருங்குழி, நெடுஞ்சாலையின்மீது அமைந்த ஊர். அதன் கிழக்கே கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம் எனக் கடலோர ஊர்கள் உள்ளன. மேற்கே வந்தவாசியைக் கடந்து சென்றால் போளூரை அடையலாம். இவ்விரு திசைகளிலும் நம் காலத்தில் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகள், பொய்ச் செய்தி மனிதரின் தீர்ப்பை எவ்வாறு நிலைகுலையச் செய்கிறது என்பதற்குச் சான்றாக நிற்கின்றன. சபையாரை நடத்தும் பொறுப்புடையோர் இவற்றை ஆராய்ந்தறிவது நலம்.

1. அச்சத்தின்மேல் விழுந்த சொல்

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. நான்கு நாட்கள் கழித்து, டிசம்பர் 30 அன்று, மற்றோர் அலை வரக்கூடுமென மத்திய உள்துறை அமைச்சகம் கடலோர மாநிலங்களை எச்சரித்தது. வெளிநாட்டுத் தனியார் நிறுவனம் ஒன்றின் கணிப்பே அதற்கு அடிப்படை. கடலோர மக்கள் எஞ்சியிருந்த உடைமைகளையும் விட்டு உள்நாட்டை நோக்கி ஓடினர். அவ்வெச்சரிக்கைக்கு அறிவியல் ஆதாரம் ஏதுமில்லையென அறிவியல் தொழில்நுட்பத் துறை அமைச்சர் கபில் சிபல் அன்றே மறுத்துரைத்தார்.

ஓடியவர்களை அறியாமையுடையோர் என இகழ்தல் தகாது. அவர்கள் இறந்தோரை அடக்கம் செய்து முடிக்கவும் இல்லை, எச்சரித்ததோ அரசு. பொய்ச் செய்தியின் வலிமை பெரும்பாலும் அதனுள் இல்லை. அது விழுகின்ற மண்ணில் இருக்கிறது. மனம் எதற்கு ஏற்கெனவே அஞ்சுகிறதோ, அதை உறுதிப்படுத்தும் சொல்லைச் சோதியாமல் ஏற்றுக்கொள்கிறது.

2. கண்டதைத் திரித்த சொல்

2018ஆம் ஆண்டு வேறு வகையான அச்சம் பரவியது. குழந்தைகளைக் கடத்தும் வடமாநிலக் கும்பல்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப் வழியாகத் தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் செய்திகள் பரப்பப்பட்டன. அவ்வாண்டு இந்தியாவின் பல பகுதிகளில் பரவிய காணொளி ஒன்று, கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படத்தின் துண்டு. குழந்தை திருப்பி ஒப்படைக்கப்படும் இறுதிப் பகுதி அதில் வெட்டப்பட்டிருந்தது.

மே 9 அன்று சென்னையிலிருந்து ஒரு குடும்பத்தார் தங்கள் குலதெய்வக் கோயிலுக்குச் செல்லப் போளூரை அடுத்த அத்திமூர்ப் பகுதிக்கு வந்தனர். வழி கேட்க நின்ற இடத்தில், அவர்களுள் ஒருவரான மூதாட்டி அங்கிருந்த சிறுவர்களுக்கு இனிப்புக் கொடுத்தார். ஐயுற்றோர் பிறருக்குத் தகவல் தந்தனர். கூட்டம் திரண்டு தாக்கியது. மூதாட்டி உயிரிழந்தார், உடன் வந்தோர் படுகாயமுற்றனர்.

தாக்கியவர்கள் காணாத ஒன்றைக் கண்டதாகச் சொல்லவில்லை. இனிப்புக் கொடுத்ததைக் கண்டனர், அது உண்மையே. ஆனால் அச்செயலின் பொருளை அவர்களுக்கு முன்னரே வேறொருவர் எழுதி வைத்திருந்தார். பாட்டியின் பரிவு, கடத்துவோரின் தூண்டிலாகத் தோன்றிற்று.

3. நினைவினுள் கலக்கும் சொல்

நினைவு என்பது பேழையில் பூட்டிய ஏடன்று. நினைக்குந்தோறும் மனம் அதை மீண்டும் கட்டுகிறது. பின்னர்க் கேட்டவையும் அக்கட்டடத்தில் கல்லாகச் சேர்கின்றன. எலிசபெத் லோப்டஸ், ஜான் பாமர் எனும் அமெரிக்க உளவியலாளர் 1974இல் இதனைச் சோதித்தனர். கார் விபத்துப் படமொன்றைக் கண்டோரில் 50 பேரிடம், கார்கள் “நொறுங்க மோதியபோது” என்ன வேகம் எனக் கேட்டனர். வேறு 50 பேரிடம் “இடித்தபோது” என்றனர். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா என வினவினர். முதற் குழுவில் 16 பேரும் இரண்டாவதில் 7 பேரும் கண்டோம் என்றனர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. வினாவிலிருந்த ஒரு சொல் கண்ணாடியை உடைத்துவிட்டது! அவ்வாறு சொன்னவர் பொய்யர் அல்லர். தாம் கண்டதாகவே நம்பினர்.

மறுப்புரை கேட்டபின்பும் முதற்செய்தி மனத்தில் வேலை செய்கிறது என்பதை ஹாலின் ஜான்சன், காலீன் சைபர்ட் ஆகியோரின் 1994ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. கிடங்குத் தீ பற்றிய கதையில், தீப்பற்றும் பொருள்கள் அங்கிருந்தன எனச் சொல்லிப் பின்னர் அது தவறெனத் திருத்தினர். திருத்தத்தை நினைவிற் கொண்டோரும் தீக்குக் காரணம் கூறும்போது அப்பொருள்களையே நாடினர். தீக்கு வேறொரு காரணம் காட்டப்பட்டபோதுதான் முந்தையதன் பிடி தளர்ந்தது.

4. திருப்பணியாளரின் கடமை

ஈண்டு யோவான் 21:23 நோக்கத்தக்கது. அன்பான சீடன் மரிப்பதில்லை என்ற பேச்சு சகோதரரிடையே பரவிற்று. நற்செய்தியாளர் வெறுமனே மறுத்து நிற்கவில்லை; ஆண்டவர் உண்மையில் சொன்ன சொற்களை எடுத்து வைத்து, அவற்றில் இல்லாததைச் சுட்டுகிறார். பொய்யை அகற்றிய இடத்தை மெய்யால் நிரப்புகிறார். உபாகமம் 19:18, சாட்சியின் சொல்லை நியாயாதிபதிகள் நன்றாய் விசாரிக்கும்படி கட்டளையிடுகிறது.

சபையில் வழக்கு எழும்போது, சாட்சிகள் ஒருவரோடொருவர் பேசி நினைவுகளைக் கலக்குமுன் தனித்தனியே கேட்டல் வேண்டும். வினாவிலேயே விடையை வைத்துக் கேட்டலாகாது. “நீர் கண்டது எது? பிறரிடம் கேட்டது எது?” எனப் பிரித்தறிதல் வேண்டும். வதந்தியை மறுக்கும்போது, “அப்படியன்று” என்பதோடு நில்லாமல், நடந்தது இன்னதெனத் தெளிவுறச் சொல்லவேண்டும். தாமதமும் தீங்காகும், பலமுறை கேட்ட சொல், கேட்டமையாலேயே மெய்போல் ஒலிக்கும்.

பொய்ச்சாட்சி சொல்லாதிருத்தல் நாவுக்கு மட்டும் இட்ட கட்டளை எனக் கருதுகிறோம். அது செவிக்கும் உரியது. அத்திமூர்ப் பகுதியில் கல்லெடுக்குமுன் எவரேனும் ஒருவர், “பாட்டி, எங்கு போகிறீர்கள்?” எனக் கேட்டு, விடைக்காகச் சற்றுக் காத்திருந்தால், ஓர் உயிர் எஞ்சியிருக்கக்கூடும். அவ்வாறு கேட்டறியும் பொறுமையைச் சபையாருக்குப் பயிற்றுவிப்பதும் நமது திருப்பணியின் ஒரு பகுதியே.