நாகு ஈன்ற முதல் நாள்

கடையோடு சேர்த்து நாலைந்து மாடு வைத்திருக்கும் நம்மவர்கள், சினை நாகு வாங்கும்போது விலையை அடித்துப் பேசுவார்கள். அது ஈன்ற முதல் நாளைப் பற்றி யோசிப்பதில்லை. போட்ட முதல் தங்குவதும் போவதும் அந்த நாளில்தான்.

கன்று நோயெதிர்ப்புச் சக்தியோடு பிறப்பதில்லை. கடும்புப் பாலில்தான் அது கிடைக்கிறது. அதைக் குடல் உறிஞ்சுவது மணிக்கு மணி குறைந்து, 24 மணித்தியாலத்தில் ஏறக்குறைய நின்றுவிடும். ஆகவே முதல் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊட்டத் தொடங்குங்கள். 25 கிலோக் கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லீற்றராவது போக வேண்டும். கடும்பை அயலவருக்குக் கொடுப்பது நல்ல வழக்கம்தான். கன்று குடித்த மிச்சத்தில் கொடுங்கள்.

நாகுக்கு மடி வீங்கி வலிக்கும், உதைக்கும். எனது பட்டியில் ஒரு நாகு கன்றை அண்டவே விடவில்லை. அடிக்காமல் தடவிக்கொடுத்துக் கறந்து, போத்தலில் ஊட்டினோம். மூன்றாம் நாள் தானாகவே கன்றை நக்கத் தொடங்கியது.

தொப்புளுக்கு அயடீன் பூசுங்கள். இளங்கொடி 12 மணித்தியாலத்துக்குள் விழாவிட்டால் மிருக வைத்தியருக்குச் சொல்லுங்கள். கையால் இழுக்கவோ கல்லைக் கட்டித் தொங்கவிடவோ வேண்டாம். கருப்பை புண்ணானால் அடுத்த சினை தள்ளிப்போகும்.

நாகு இன்னும் வளர்கிற மாடு. தீனைக் குறைத்தால் உடம்பு இளைத்து, பருவத்துக்கு வரப் பிந்தும். அத்தனை நாள் செலவும் உங்கள் கணக்கில்தான் ஏறும்.