வங்கக் கடலில் முப்பது நாள்: ஆய்வுக் கப்பலில் முதல் பயணம்

2016-ஆம் ஆண்டு ஜூன் 24 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘சிந்து சாதனா’ என்ற கப்பல் புறப்பட்டது. கோவாவில் இருக்கும் தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வுக் கப்பல் அது. நீளம் 80 மீட்டர். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் பி.என். விநயச்சந்திரன் தலைமையிலான இந்தியக் குழுவும் இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து நடத்திய ‘பாபிள்’ ஆய்வுக்கான பயணம். தென்மேற்குப் பருவக்காற்று வலுவாக வீசும் நாட்களில் வங்கக் கடலின் தென்பகுதிக்கே போய், கடலும் காற்றும் எப்படி வெப்பத்தைப் பரிமாறிக்கொள்கின்றன என்று அளப்பது நோக்கம். ஜூலை 23 அன்று கப்பல் சென்னைக்குத் திரும்பியது.

இப்படி ஒரு கப்பல் நம் ஊரிலிருந்து போய்வந்தது மயிலாப்பூரிலோ அடையாறிலோ பலருக்குத் தெரியாது. புயல் வரும்போது மட்டும் நாம் வங்கக் கடலைப் பற்றிப் பேசுகிறோம். அந்தக் கடலின் சூட்டையும் உப்பையும் ஓட்டத்தையும் அளந்து சொல்ல ஒரு கூட்டம் வாரக்கணக்கில் இரவு பகல் பாராமல் உழைக்கிறது. அவர்களுடைய அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? முதல் முறை கப்பலேறும் ஆய்வு மாணவர் அங்கே என்ன கற்றுக்கொள்கிறார்?

மூட்டை கட்டும் நேரம்

முதல் பயணத்துக்கான ஏற்பாடு தி.நகரிலேயே ஆரம்பமாகிவிடும். கேபினில் பெரிய சூட்கேஸ் வைக்க இடம் இருக்காது என்பதால் மடிக்கக்கூடிய துணிப்பை வாங்க வேண்டும். ஈரத் தளத்தில் வழுக்காத ஷூ வேண்டும். ஆய்வுக்கூடத்தில் கருவிகளுக்காக எந்நேரமும் ஏ.சி. ஓடும், நடுக்கடலிலும் ஸ்வெட்டர் தேவைப்படும். டாக்டரைக் கேட்டுக் குமட்டலைத் தடுக்கும் அவோமின் மாத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். வீட்டில் அம்மா பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் கட்டிக் கொடுப்பார்.

கூடவே பெற்றோருக்கு ஒரு சந்தேகமும் வரும்: “ராத்திரியில கப்பலை எங்கேப்பா நிறுத்துவாங்க?” நிறுத்த மாட்டார்கள். இரவு இரண்டு மணிக்கு அளவெடுக்க வேண்டும் என்றால் அந்த இரண்டு மணிக்குக் கப்பல் அந்த இடத்தில் இருக்கும். கடலில் நாள் என்பது பொழுது விடிவதில் தொடங்கிப் பொழுது அடைவதில் முடிவதில்லை.

ஏறியதும் முதல் பாடம் பாதுகாப்பு. ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி கேட்டால் கையில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு, லைஃப் ஜாக்கெட்டோடு குறித்த இடத்தில் போய் நிற்க வேண்டும். விஞ்ஞானியானாலும் சமையல்காரரானாலும் இதில் விலக்குக் கிடையாது. ஆய்வுத் திட்டத்தைத் தலைமை விஞ்ஞானி வகுப்பார். ஆனால் கடல் மோசமானால் கேப்டன் சொல்வதே முடிவு.

துறைமுகத்தைத் தாண்டிச் சிறிது நேரத்தில் கைபேசியில் சிக்னல் போய்விடும். அடுத்தபடி வயிறு புரளத் தொடங்கும். முதல் இரண்டு மூன்று நாள் பலருக்கும் தலை நிமிர முடியாது. வெறும் வயிறாக இருக்காதே, உலர்ந்த பிஸ்கட்டாவது கடித்துக்கொள், வெளியே வந்து தொடுவானத்தைப் பார், கப்பலின் நடுப்பகுதியில் படு என்று அனுபவசாலிகள் சொல்லிக்கொடுப்பார்கள். அணியத்திலும் அமரத்திலும் ஆட்டம் அதிகம், நடுவில் குறைவு. பெரும்பாலானவர்களுக்கு நாலாம் நாள் உடம்பு ஒத்துக்கொள்ளும். சாப்பாட்டு மணி அடித்ததும் கால்கள் தாமாக மெஸ்ஸுக்கு நடக்கும்.

மணியும் முறையும்

வேலை முறைவைத்து நடக்கும். நாலு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு என்று இருக்கலாம். பன்னிரண்டு மணி நேர ஷிப்டாகவும் இருக்கலாம். சாப்பாடு மட்டும் சொன்ன நேரத்துக்குத்தான். மதியச் சாப்பாடு பன்னிரண்டுக்கு முன்பே, இரவுச் சாப்பாடு சூரியன் மறையும் வேளையிலேயே வந்துவிடும். சப்பாத்தி, பருப்பு, சாம்பார், மீன் எல்லாம் ஒரே வரிசையில் இருக்கும், ஏனென்றால் மாலுமிகள் பல மாநிலத்தவர். மேஜைமேல் ஈரத்துணி விரித்திருப்பார்கள். தட்டு வழுக்கிப் போகாமல் அது பிடித்துக்கொள்ளும். கீரையும் தக்காளியும் முதலில் தீரும். கடைசி வாரத்தில் முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, வெங்காயம்தான். முப்பது நாள் முழுக்கத் தயிர் கிடைக்கும்படி பார்த்துக்கொள்ளும் சமையல்காரருக்குக் கப்பலில் தனி மரியாதை உண்டு.

இவ்வளவும் எதற்காக? கப்பல் குறித்த இடத்தில் நின்றதும் ‘ஸ்டேஷன்’ என்று அறிவிப்பு வரும். சி.டி.டி. என்ற கருவியை வின்ச் என்ற கம்பி சுற்றும் பொறியில் கோத்துக் கடலில் இறக்குவார்கள். வெப்பம், உப்பு, ஆழம் மூன்றையும் அது இறங்க இறங்கப் பதிவுசெய்யும். அதைச் சுற்றி வட்டமாக, இரண்டு முனையும் திறந்த நீள உருளைகள் நிற்கும். மேலே ஏறும்போது எந்த ஆழத்துத் தண்ணீர் வேண்டுமோ அங்கே ஆய்வுக்கூடத்திலிருந்து ஆணை கொடுத்தால் ஓர் உருளை மூடிக்கொள்ளும். 3,000 மீட்டர் போய்வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை வின்ச் இயக்குபவரும் கணினித் திரையைப் பார்ப்பவரும் கண் அசரக் கூடாது. கம்பி எங்கேயாவது சிக்கினால் விலை உயர்ந்த கருவி அடியில் போய்விடும்.

கருவி தளத்துக்கு வந்ததும் பரபரப்பு. கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளப்பதற்கான தண்ணீரை முதலில் பிடிக்க வேண்டும். தாமதித்தால் வெளிக்காற்று கலந்து கணக்குத் தப்பும். ரப்பர்க் குழாயைக் கண்ணாடிக் குப்பியின் அடிவரை விட்டு, ஒரு குமிழ்கூட இல்லாமல் நிரப்பி, நன்றாக வழியவிட வேண்டும். உடனே மாங்கனீஸ் குளோரைடு கரைசல், பிறகு கார அயோடைடு கரைசல். மூடியை அழுத்திக் குலுக்கினால் உள்ளே வீழ்படிவு திரளும். மேற்பரப்புத் தண்ணீர் என்றால் அது நல்ல பழுப்பு. 200, 300 மீட்டர் ஆழத்துத் தண்ணீர் என்றால் கிட்டத்தட்ட வெள்ளையாகவே நின்றுவிடும். வங்கக் கடலின் நடு ஆழத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவு என்று வகுப்பில் படித்ததை, விடிகாலை மூன்று மணிக்கு ஆடும் தளத்தில் நின்றபடி அந்த மாணவர் தம் கையிலேயே பார்க்கிறார். ஆழத்து உருளையைத் தொட்டால் விரல் சில்லிடும். 3,000 மீட்டரில் வெப்பம் சுமார் 2 டிகிரி. மேலே 28, 29 டிகிரியில் வெதுவெதுத்துக் கிடக்கும் கடலுக்குக் கீழே அப்படியொரு குளிர்.

முதல் பயணத்தினருக்கு ஒரு நினைவுப்பொருளும் உண்டு. தெர்மோகோல் டம்ளரில் பெயரும் நாளும் எழுதி, வலைப்பையில் கட்டிக் கருவியோடு இறக்கிவிடுவார்கள். முந்நூறு மடங்கு காற்றழுத்தத்தில் உள்ளிருக்கும் காற்றெல்லாம் பிதுங்கிப் போய், டம்ளர் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கி வரும். எழுத்து மட்டும் அழியாமல், பொடிப்பொடியாக அப்படியே இருக்கும். ஆழ்கடல் அழுத்தத்தை ஒரு பள்ளிப் பிள்ளைக்குப் புரியவைக்க அதைவிட நல்ல சாட்சி இல்லை.

ஸ்டேஷனில் நிற்கும் இரவுகளில் கப்பலின் விளக்கு வெளிச்சத்துக்குக் கணவாக் கூட்டம் வரும். கோலா மீன்கள் துள்ளித் தளத்தில் வந்து விழும். ஓய்வில் இருக்கும் மாலுமிகள் தூண்டில் போடுவார்கள். தூத்துக்குடிக்காரர் மீன்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்ட, உயிரியல் மாணவர் குறிப்பெடுத்துக்கொள்வார்.

மஞ்சள் மிதவைகள்

பள்ளிக்கரணையில், வேளச்சேரி–தாம்பரம் சாலையில் இருக்கிறது தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம். 1993-இல் தொடங்கிய அந்த நிறுவனம் ஆரம்ப காலத்தில் ஐ.ஐ.டி. வளாகத்துக்குள்தான் இயங்கியது. வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் அது நங்கூரமிட்டிருக்கும் மிதவைகள் காற்று, அலை, அழுத்தம், கடல்வெப்பம் ஆகியவற்றை அளந்து செயற்கைக்கோள் வழியே கரைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. புயல் நடுக்கடலில் இருக்கும்போது அங்கே ஆள் இருக்க முடியாது, மிதவை இருக்கும்.

அந்த மிதவைகளைப் பழுதுபார்ப்பது கப்பல் வாழ்க்கையின் கடினமான வேலைகளில் ஒன்று. அலையில் குதிக்கும் மஞ்சள் மிதவைக்குக் கயிறு மாட்டிக் கிரேனால் தூக்க வேண்டும். அடிப்பாகம் முழுக்கக் கொட்டலசு அப்பியிருக்கும். வெயிலில் உட்கார்ந்து சுரண்டி, உணர்கருவிகளை மாற்றி, பேட்டரியைச் சோதித்து, மறுபடி இறக்க வேண்டும். மிதவையின் நிழலில் மீன் கூடும் என்பதால் சில படகுகள் அதிலேயே கட்டிக்கொள்கின்றன; கருவிகள் உடைந்துபோவதும் உண்டு. மீனவர்களைக் காக்கும் எச்சரிக்கைக்கும் அந்த மிதவையே ஆதாரம். இதை ஒவ்வொரு மீனவர் குப்பத்திலும் எடுத்துச் சொல்ல வேண்டியது அவசியம்.

வங்கக் கடலின் தனிக்குணம்

கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் கொண்டுவந்து கொட்டும் நன்னீர், வங்கக் கடலின் உப்புநீர்மேல் மெல்லிய அடுக்காகப் பரவுகிறது. அது இலேசானது என்பதால் கீழே உள்ள குளிர்நீரோடு எளிதில் கலப்பதில்லை. சூரிய வெப்பம் மேலேயே தங்குகிறது. புயலுக்கும் பருவமழைக்கும் அந்தச் சூடுதான் தீனி.

பாபிள் ஆய்வில் சிந்து சாதனா சென்னையிலிருந்து சுமார் 1,100 கிலோமீட்டர் தென்கிழக்கில், வடக்கு 8 டிகிரி, கிழக்கு 89 டிகிரியில் ஏறக்குறைய பத்து நாள் ஒரே இடத்தில் நின்று அளந்தது. முதலில் மழை ஓய்ந்து வெயில் காய்ந்தபோது கடலின் மேற்பரப்பு சூடேறியது. பிறகு பருவமழை மறுபடி வலுப்பெற்றபோது குளிர்ந்தது. கடல் எப்போது சூடேறுகிறது, அது எத்தனை நாளில் மேகமாகிறது என்பது துல்லியமாகத் தெரிந்தால்தான் மழைக் கணிப்பு தேறும். அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. அடையாற்றிலும் மயிலாப்பூரிலும் வேரோடு சாய்ந்த மரங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த அளவீடுகளின் அருமை தெரியும்.

கப்பல்களின் முதல் பயணம்

கப்பலுக்கும் முதல் பயணம் உண்டு. மாணவரைப் போல அதுவும் தேற வேண்டும். வின்ச் எவ்வளவு எடை தாங்குகிறது, எஞ்சின் சத்தம் ஒலிக்கருவியைக் கெடுக்கிறதா, குறுக்குக் காற்றில் ஒரே இடத்தில் நிற்க முடிகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்துக் குறைகளை எழுதித் திருத்துவார்கள்.

இந்தியாவின் ‘கவேஷணி’ 1976-இல் ஆய்வுப் பணிக்கு வந்தது. தூர்வாரிய மண் சுமக்கும் கலமாகக் கல்கத்தாவில் உருவானதை மாற்றி அமைத்த கப்பல் அது. அந்தக் கப்பல்தான் 1981 ஜனவரி 26 அன்று இந்தியப் பெருங்கடலின் ஆழத்திலிருந்து இந்தியாவுக்கான முதல் கனிமக் கட்டிகளை அள்ளிவந்தது. 1983-இல் ஜெர்மனியில் கட்டிய ‘சாகர் கன்யா’ வந்தது. 2007-இல் இத்தாலியில் கட்டிய ‘சாகர் நிதி’, பள்ளிக்கரணை நிறுவனத்தின் பெரிய கப்பல். சுமார் 104 மீட்டர் நீளம், 30 விஞ்ஞானிகளுக்கு இடம், ஒரே மூச்சில் 45 நாள் கடலில் இருக்கும் வலிமை. உள்நாட்டிலும் கட்டினோம். சிந்து சாதனா சூரத்தில் உருவாகி 2014-இல் பணிக்கு வந்தது. கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் தளத்தில் இன்னொரு பெரிய ஆய்வுக் கப்பல் கட்ட 2024-இல் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறது.

மனிதரும் ஆழத்துக்குப் போகத் தயாராகிறார்கள். 6,000 மீட்டர் ஆழத்துக்கு மூவரை ஏற்றிச் செல்லும் ‘மத்ஸ்யா 6000’ சென்னையில்தான் உருவாகிறது. அதற்கான பயிற்சியில் 2025 ஆகஸ்டில் பள்ளிக்கரணை விஞ்ஞானி ராஜு ரமேஷ் பிரான்சின் நாட்டீல் நீர்மூழ்கியில் 4,025 மீட்டரும், ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஜதிந்தர் பால் சிங் 5,002 மீட்டரும் அட்லாண்டிக்கில் இறங்கிவந்தார்கள்.

நம் பிள்ளைகளுக்கு இடம் இருக்கிறது

கப்பல் கட்டப் பணம் போதும். அதில் ஏறி இரவு மூன்று மணிக்குக் குமிழ் இல்லாமல் குப்பி நிரப்ப ஆள் வேண்டும். ஐ.ஐ.டி.யின் கடல் பொறியியல் துறை, அண்ணா பல்கலைக்கழகத்தின் கடல் மேலாண்மை நிறுவனம், பள்ளிக்கரணைக் கழகம், உத்தண்டியில் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் எல்லாம் அடையாறிலிருந்து ஒரு பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரம். ஆனாலும் பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு என்ன படிப்பு என்று வீட்டில் பேசும்போது கடலியல் என்ற பேச்சே எழுவதில்லை. பெண் பிள்ளைகள் என்றால் ‘கப்பலா?’ என்று தயங்குகிறார்கள். 1983-இலேயே அதிதி பந்த், சுதீப்தா சென்குப்தா என்ற இரண்டு விஞ்ஞானிகள் கப்பலேறி அண்டார்டிகாவுக்குப் புறப்பட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகும் தயக்கத்துக்கு நியாயம் இல்லை.

ஆய்வுக் கப்பல்கள் துறைமுகத்தில் நிற்கும் நாட்களில் நம் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக் காட்டும் வழக்கம் பெருக வேண்டும். ஆசிரியர்கள் எழுதிக் கேட்க வேண்டும். நிறுவனங்கள் மனமுவந்து இசைய வேண்டும். கொல்கத்தாவின் புதிய கப்பல் கட்டி முடிந்து முதல் பயணம் புறப்படும்போது, இன்று பள்ளியில் இருக்கும் பிள்ளைகள் சிலர் கல்லூரியில் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்து, ‘நான் கடலுக்குப் போகிறேன்’ என்று சொன்னால், யோசிக்காமல் மூட்டை கட்டிக் கொடுங்கள்.