அரியர் விழுந்ததா? அஞ்ச வேண்டாம்!

கல்லூரித் தேர்வில் தோல்வியா? மனம் உடைந்து போகாதீர்கள். பலருக்குக் குறைவது அறிவு அல்ல, ஒழுங்குதான்!

ஒரு பாடம் பாக்கி நின்றாலும் பட்டம் கைக்கு வராது. ஆகவே, இன்றே ஒரு நோட்டு வாங்குங்கள். பாக்கிப் பாடங்களையும் தேர்வுத் தேதிகளையும் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அண்ணா பல்கலைக்கழகப் பாடங்களில் பொதுவாக 5 அலகுகள் உண்டு. வாரம் ஓர் அலகு படித்தால், 5 வாரத்தில் ஒரு பாடம் முடியும்.

படித்ததை மறுநாள் ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை பார்க்காமல் எழுதிப் பாருங்கள். ஒரேயடியாகப் படிப்பதைவிட, நாள் பிரித்துப் படிப்பதே மனதில் நிற்கும். ஜெர்மன் அறிஞர் எபிங்காஸ் இதைச் சோதித்துப் பார்த்து 1885-ம் ஆண்டிலேயே எழுதினார்.

பெற்றோர்களே! மதிப்பெண்ணைச் சொல்லிக் குத்திக் காட்டாதீர்கள். "இன்று எந்தப் பாடம், கண்ணு?" என்று அன்போடு கேளுங்கள். பிள்ளை கரையேறும்!