அலவாங்கும் ஐந்து வோல்ற்றும்

பழைய வீட்டுக் கணினி ஒன்று கையில் கிடைத்தால் எவரும் முதலில் செய்வது, அதைப் பிளக்கில் செருகி ஸ்விட்சைப் போடுவதுதான். அதைச் செய்யாதீர்கள் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நாற்பது வருடம் பரணில் தூசி தின்று கிடந்தும் சாகாத கணினி, ஸ்விட்ச் போட்ட அரை நொடியில் செத்துப்போவது உண்டு. அதைக் கொல்வது பெரும்பாலும் அதனுடன் சேர்த்து விற்கப்பட்ட பவர் சப்ளைதான்.

வீட்டுக் கணினி என்றால் இன்றைய மடிக்கணினி அல்ல. 1980களில் வீட்டு ரீவியில் இணைத்து, கசெட்டிலிருந்து புரோகிராம் ஏற்றிய விசைப்பலகைப் பெட்டிகள். 1981இல் வந்த பிபிசி மைக்ரோ, 1982இல் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், அதே ஆண்டின் கொமடோர் 64. இந்தியாவில் டெசிபெல்ஸ் என்ற நிறுவனம் 1986இல் ஸ்பெக்ட்ரமை உரிமம் பெற்று விற்றது. 1984இல் அங்கே தொடங்கிய பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்துக்குப் போனது பிபிசி மைக்ரோ. நம் பக்கத்து, இலங்கைக் கிழக்குக் கரையின் கதை வேறு. போரும் இடப்பெயர்வும் தின்றதுபோக மிஞ்சியதை, 2004 டிசம்பர் 26ஆம் திகதி நிலாவெளிக் கரையில் கடல் சுனாமியாக வந்து பார்த்துக்கொண்டது. இனி இங்கே ஒரு ஸ்பெக்ட்ரம் கண்ணில் பட்டால், அது லண்டன் உறவினர் ஒருவர் வீட்டைக் காலிசெய்தபோது பெட்டியில் போட்டு அனுப்பியதாகத்தான் இருக்கும்.

இலங்கையில் அந்தக் காலத்து வீட்டுக் கணினிக்காரர்களில் உலகறிந்தவர் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க். நமக்கு அவரை வேறு விதத்தில் தெரியும். 1956இல் நண்பர் மைக் வில்சனுடன் திருகோணமலைக்கு வந்து, அங்குள்ள சுவாமிமலைக்குக் கீழே கடலடியில் கோணேசர் கோயிலின் இடிபாடுகளைப் பார்த்தவர். அதே மனிதர் ‘2010’ நாவலை ஆர்க்கைவ்ஸ் 3 என்ற நுண்கணினியில் எழுதி, கொழும்பிலிருந்து நியூயோர்க்குக்கு ஒரேயொரு வட்டில் அனுப்பிவைத்தார். 1983இல் நாவல் படமாகும்போது, லொஸ் ஏஞ்சலிஸில் இருந்த இயக்குநர் பீற்றர் ஹையம்ஸுடன் கேய்ப்ரோ 2 கணினியையும் தொலைபேசி இணைப்பையும் வைத்துக் கடிதம் பேசினார். கனத்த உலோகப் பெட்டி அது. அதன் ஒன்பது அங்குலப் பச்சைத் திரை, இரண்டு வட்டு இயக்கிகள், தாய்ப்பலகை எல்லாமே உள்ளே இருக்கும் ஒரு பவர் சப்ளையை நம்பித்தான் உயிர் வாழ்ந்தன.

ஒரு பவர் சப்ளைக்கு உள்ளே என்ன நடக்கிறது?

சுவரில் வருவது 230 வோல்ற் ஆடலோட்டம், நொடிக்கு 50 சுற்று. கணினியின் சில்லுகள் கேட்பதோ அசையாத 5 வோல்ற் நேரோட்டம். அசையாத என்பதை அழுத்திச் சொல்கிறேன்: 4.75க்கும் 5.25க்கும் நடுவே நிற்க வேண்டும். குறைந்தால் கணினி பிதற்றும். கூடினால் சில்லு போய்விடும்.

எளிய சப்ளை இந்த வேலையை நான்கு படியில் செய்கிறது. பாடப்புத்தகம் நிலைமாற்றி என்றும் கடைக்காரர் ட்ரான்ஸ்ஃபோமர் என்றும் சொல்லும் கனத்த இரும்புக் கட்டி 230ஐ 9 ஆக்குகிறது. நான்கு இருவாயிகள் அலையின் கீழ்ப்பாதியை மேலே மடித்துவிடுகின்றன. இப்போது நொடிக்கு நூறு மேடுகள், மேடுகளுக்கு நடுவே நூறு பள்ளங்கள். அந்தப் பள்ளங்களை நிரப்புவது கொள்ளளவி, அதாவது கப்பாசிட்டர். கடைசியில் 7805 என்ற மூன்று கால் ரெகுலேட்டர், மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கத்தைச் செதுக்கி 5 ஆக நிறுத்துகிறது. செதுக்கிய மிச்சம் சூடாகப் போகும். 9 வோல்ற் உள்ளே வந்து 5 வோல்ற் வெளியே போய், ஓடுவது ஒரு அம்பியர் என்றால், நான்கு வாற்று வெறும் சூடு. ஸ்பெக்ட்ரம் கணினியில் இந்த ரெகுலேட்டர் பெட்டிக்கு உள்ளேயே இருக்கிறது. சிறிது நேரம் ஓடியதும் விசைப்பலகையின் ஒரு பக்கம் சுடுவது அதனால்தான்.

இந்த நால்வரில் முதலில் கிழவனாவது கப்பாசிட்டர். எப்படி என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். 9 வோல்ற் ஆடலோட்டத்தின் உச்சி ஏறக்குறைய 12.7. இருவாயிகளில் 1.4 போக, கப்பாசிட்டருக்குக் கிடைப்பது 11.3. ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு நூறில் ஒரு நொடி. அதுவரை கணினிக்கு ஒரு அம்பியர் கொடுத்துக்கொண்டிருக்கும் 4700 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஏறத்தாழ 2.1 வோல்ற் இறங்கும். ஆக, பள்ளத்தின் அடி 9.2. கவலை இல்லை, 7805க்கு 7 இருந்தால் போதும். அதே கப்பாசிட்டர் வயதாகிப் பாதிக் கொள்ளளவுக்கு வந்துவிட்டால் இறக்கம் இரட்டிப்பு, பள்ளத்தின் அடி சரியாக 7. விளிம்பில் நிற்கிறது. இன்னும் கொஞ்சம் காய்ந்தால், நொடிக்கு நூறு முறை ரெகுலேட்டர் தடுக்கி விழும். திரையில் கறுப்புப் பட்டை ஒன்று ஊர்ந்துபோகும், ஒலிபெருக்கி உறுமும், காரணமில்லாமல் கணினி தானாக மறுபடி தொடங்கும். தாய்ப்பலகை போய்விட்டது என்று முடிவுகட்டிச் சில்லு சில்லாகக் கழற்றுகிறவர்கள் உண்டு. குற்றவாளியோ சுவரோரம் சும்மா கிடக்கும்.

கப்பாசிட்டர் ஏன் காய்கிறது? உள்ளே இரண்டு அலுமினியத் தாள், நடுவே திரவத்தில் ஊறிய கடதாசி, அடியில் ஒரு றப்பர் மூடி. அந்தத் திரவம் மூடி வழியே மெல்ல மெல்ல வெளியேறுகிறது. சூடு ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலின் பொதுக்கணக்கு. 85 பாகையில் 2000 மணித்தியாலம் என்று முத்திரை குத்திய ஒன்று 45 பாகையில் 32,000 மணித்தியாலம் தாங்கும். லண்டன் அறையின் 20 பாகையை மனதில் வைத்துச் செய்த பெட்டியை, ஆடி மாத நிலாவெளியின் 32 பாகையில் ஓட்டினால் ஆயுள் பாதிக்கும் கீழே போகிறது. ஓட்டாமல் பரணில் வைத்தாலும் முழுக்கத் தப்பாது. கரண்ட் படாத கப்பாசிட்டரில் அலுமினியத்தின் மேலிருக்கும் ஒட்சைட்டுப் படலம் காலப்போக்கில் நலிந்துவிடும். தலை வீங்கியிருந்தால், அடியில் பிசுக்கு இருந்தால், மீன் வாடை அடித்தால், மாற்றுங்கள். (கடலோரத்தில் இருப்பவர்கள் மீன் வாடையை மட்டும் சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

இதெல்லாம் மெல்லச் சாகிற வகை. கொமடோர் 64 சப்ளையின் குணம் இதைவிட மோசம். ட்ரான்ஸ்ஃபோமரையும் ரெகுலேட்டரையும் ஒரே கறுப்புப் பெட்டிக்குள் வைத்து, மேலே எப்பொக்சிப் பிசினை ஊற்றி மூடிவிட்டார்கள். செங்கல் கனம், செங்கல் வடிவம். சூடு வெளியேற வழி இல்லை; திறந்து திருத்தவும் வழி இல்லை. நாட்பட வெந்த ரெகுலேட்டர் ஒருநாள் பழுதாகும். ஆனால் அணைந்துபோகாது. உள்ளே வரும் வோல்ற்றைத் தடுக்காமல் அப்படியே வெளியே விட்டுவிடும். 5 கேட்கும் சில்லுகளுக்கு 8, 9 என்று ஏறும். முதலில் நினைவகச் சில்லுகள் போகும், பின்னால் மற்றவை. ரெகுலேட்டர் கடையில் சில நூறு ரூபாய்ச் சாமான். அது கொன்றுபோடும் சில்லுகளை இன்று எந்தத் தொழிற்சாலையும் செய்வதில்லை. அந்தக் கணினியின் இசையையே உண்டாக்கிய 6581 ஒலிச் சில்லும் அவற்றில் ஒன்று.

இதற்கு மருந்து ஒன்று இருக்கிறது, அதன் பெயர் எனக்குப் பிடிக்கும். ஆங்கிலப் பொறியியலாளர்கள் அதை அலவாங்குச் சுற்று என்கிறார்கள். வோல்ற் எல்லை மீறினால், இரண்டு கம்பிகளுக்கும் குறுக்கே அலவாங்கைத் தூக்கிப் போட்டதுபோல நேரடியாகக் குறுக்கிட்டு, பியூசை எரித்துவிடும். உள்ளே இருப்பது ஒரு சீனர் இருவாயி, ஒரு தைரிஸ்டர், சில தடையிகள். ஐந்தரையைத் தாண்டியதும் சீனர் விழிக்கும், தைரிஸ்டர் வழி திறக்கும், பியூஸ் போகும், கணினி தப்பும். அலவாங்கு என்பதே போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். 17ஆம் நூற்றாண்டில் கோணேசர் கோயிலை இடித்தவர்களும் அவர்கள்தான், கிளார்க் கடலடியில் பார்த்த இடிபாடுகளும் அவர்கள் வேலைதான். இடிக்கவும் பயன்படும் கருவியின் பெயரில் ஒரு காவல்காரன் இருப்பது கொஞ்சம் ஆறுதல்.

ஸ்பெக்ட்ரமின் ஆபத்து வேறு வகை. அதற்கு வேண்டியது 9 வோல்ற், 1.4 அம்பியர், ஆனால் பிளக்கின் நடுமுனை மறை, வெளிவளையம் நேர். இன்று கடையில் வாங்கும் அடப்டர்களில் பெரும்பாலானவை இதற்கு நேரெதிர். உருவம் ஒன்றாக இருப்பதால் அழகாகப் பொருந்தும், பொருந்தியதும் கெடுக்கும். கீழ்நினைவகத்தில் இருக்கும் 4116 சில்லுகளுக்கு 12, 5, மறை 5 என்று மூன்று வோல்ற் வேண்டும். ஒரு சின்ன ட்ரான்சிஸ்டர் உள்ளேயே அந்த 12ஐயும் மறை 5ஐயும் உண்டாக்குகிறது. மறை 5 இல்லாமல் 12 மட்டும் போனால் அந்தச் சில்லுகள் பிழைக்காது. பழைய பிளக்கை வெட்டிப் புதியதில் பொருத்தும்போது முனைகளை மீற்றர் வைத்துப் பாருங்கள். வயரின் நிறத்தை நம்பாதீர்கள்.

நம்மூருக்கே உரிய எதிரி ஒன்று உண்டு: உப்பு. கடற்காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு, பிளக்கின் பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பை ஏற்றும். அந்தக் களிம்பு வெறும் 0.2 ஓம் தடை தந்தாலும், ஒன்றரை அம்பியர் ஓடும்போது 0.3 வோல்ற் அங்கேயே தொலையும். சப்ளை முனையில் மீற்றர் 5.0 காட்டும், சில்லின் காலில் 4.7தான் இருக்கும். எனவே அளக்க வேண்டிய இடம் சில்லின் கால். ஐசோபுரொப்பைல் அல்ககோலும் பழைய பல்தூரிகையும் பாதி நோயைத் தீர்க்கும்.

அடுத்து வருவது நான் பயத்தோடு எழுதும் பகுதி. பிபிசி மைக்ரோவிலும் கேய்ப்ரோவிலும் இருப்பது ஸ்விட்ச் மோட் சப்ளை. இதில் கனத்த ட்ரான்ஸ்ஃபோமர் இல்லை. சுவரின் 230ஐ நேரடியாக மடித்து, ஏறக்குறைய 325 வோல்ற் நேரோட்டமாக ஒரு கப்பாசிட்டரில் தேக்கி, அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, சின்னதொரு ட்ரான்ஸ்ஃபோமர் வழியே இறக்குகிறார்கள். 1977இல் அப்பிள் 2 கணினிக்கு ரொட் ஹோல்ற் வடிவமைத்ததும் இந்த வகைதான். சூடு குறைவு, எடை குறைவு. ஆனால் பிளக்கைக் கழற்றிய பிறகும் அந்த 325 உள்ளே காத்திருக்கும். ஆளைக் கொல்ல அது போதும். மீற்றர் பழக்கம் இல்லாதவர் இதைத் திறக்க வேண்டாம், றேடியோ ரீவி திருத்தும் கைதேர்ந்த ஒருவரிடம் கொடுங்கள். திறக்கிறவர் சில நிமிடம் பொறுத்து, பெரிய தடையி ஒன்றால் அதை வடித்து, மீற்றரில் சுழியம் பார்த்த பிறகே விரல் வைக்க வேண்டும். ஸ்க்ரூட்ரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்கவிடுவது வீரம் அல்ல.

அந்தப் பெட்டிக்குள் முதலில் தேட வேண்டியது, றிஃபா என்று எழுதிய, மஞ்சள் கண்ணாடி போன்ற சின்ன உறுப்பு. மின்சார இரைச்சலை வடிக்கச் சுவர்க் கரண்டுக்குக் குறுக்கே போட்ட கடதாசிக் கப்பாசிட்டர் அது. மேலோடு காலத்தால் மயிர்போல் வெடிக்கும், வெடிப்பு வழியே ஈரம் புகும், ஒருநாள் ஸ்விட்ச் போட்டு அரை மணி நேரத்தில் வீடு முழுக்கப் புகையும் நாற்றமும். கணினி அப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதுதான் வேடிக்கை. நம் காற்றின் ஈரத்தில் வெடிப்பு தெரிகிறதா என்று யோசிக்கவே வேண்டாம். கழற்றிவிட்டு, அதே வகுப்புப் பாதுகாப்புக் கப்பாசிட்டரை ஈயம் வைத்துப் பற்றவையுங்கள்.

முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது பழைய திருத்துநர்களின் தந்திரம் ஒன்று கைகொடுக்கும்: 60 வாற்று குண்டு பல்ப் ஒன்றைத் தொடராக இணைப்பது. உள்ளே எங்காவது குறுக்கிணைப்பு இருந்தால் பல்ப் முழுசாக எரிந்து சுமையைத் தானே வாங்கிக்கொள்ளும், சப்ளை தப்பும். ஒரு கணம் மின்னி மங்கினால் நல்ல சகுனம். எல்ஈடி பல்ப் இதற்கு உதவாது. பிறகு பல்பை எடுத்துவிட்டு, கணினிக்குப் பதிலாக 5 வோல்ற் முனையில் 5 ஓம், 10 வாற்று தடையி ஒன்றைச் சுமையாக மாட்டுங்கள். ஒரு அம்பியர் ஓடும், தடையி சுடும், மேசையில் படாமல் ஓட்டுத்துண்டின் மேல் வையுங்கள். ஒரு மணி நேரம் மீற்றரைப் பார்த்துக்கொண்டு இருங்கள். ரெகுலேட்டர்கள் குளிரில் நல்ல பிள்ளைகள், சுட்ட பிறகுதான் சுயரூபம் தெரியும்.

கரண்ட் போனால் கணினியை மட்டுமல்ல, சப்ளையையும் சுவரிலிருந்து கழற்றுங்கள். 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் இருட்டில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து தீவு முழுவதையும் இருட்டாக்கியது. ஐந்து நிமிடமாகக் கசெட்டிலிருந்து ஏறிக்கொண்டிருந்த விளையாட்டு போனால் போகட்டும், மறுபடி ஏற்றலாம். கரண்ட் திரும்பி வரும் அந்த முதல் கணத்தின் துள்ளல்தான் பழைய சப்ளைக்கு ஆகாது.

கொமடோரின் செங்கல் பற்றி ஒரு சொல். பிசினைச் சுரண்டி உள்ளே போகப் பார்த்து நாட்களை வீணாக்கியவர்கள் உண்டு. வேண்டாம். ஏழு முனைப் பிளக்கையும் வயரையும் மட்டும் வெட்டி எடுத்து வையுங்கள், புதிய சப்ளை கட்டும்போது அதற்குத் தேவைப்படும். அந்தக் கணினிக்கு 5 நேரோட்டத்தோடு 9 வோல்ற் ஆடலோட்டமும் வேண்டும் என்பதை மறக்காதீர்கள். அதன் உள்கடிகாரம் நேரம் எண்ணுவதே அந்த 50 சுற்றை வைத்துத்தான். வயர் போன செங்கலை எறிய வேண்டாம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கடல் பக்கக் கதவு அடித்துச் சாத்தாமல் முட்டுக் கொடுக்க, அதைவிட நல்ல கனம் கிடைக்காது.