மாநிலம் தாண்டும் மின் லைனுக்கு யார் அனுமதி தர வேண்டும்?

நீங்கள் இன்டர்நெட்டில் படிக்கும் மெயில் பெரும்பாலும் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதில்லை. எங்கோ ஒரு டேட்டா சென்டரில், இரவு பகலாக ஓடும் சர்வரில் இருக்கிறது. நான் புரோகிராம் எழுதித் தரும் சர்வர்கள் அமெரிக்காவில் உள்ளன. அங்கே புதிய மின் லைன் போடுவது எத்தனை சிரமம் என்று பார்ப்போமா?

கம்ப்யூட்டரில் ஒரு சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்ய அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்ட் ஒன்று போதும். மூன்று மாநிலங்கள் வழியே செல்லும் மின் லைனுக்கோ மூன்று அட்மினிஸ்ட்ரேட்டர்கள்! ஒரு மாநிலம் மறுத்தாலும் வேலை நின்றுவிடும். நடுவில் உள்ள மாநிலத்திற்குக் கோபுரங்கள் மட்டும் வரும். கரன்ட் வேறு ஊருக்குப் போகும். பிறகு ஏன் அது சம்மதிக்கும்?

இயற்கை எரிவாயு பைப்லைனுக்கு இந்தச் சிக்கல் இல்லை. மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் சான்றிதழ் தந்தால் போதும். தேவையான நிலத்தைக் கையகப்படுத்தும் உரிமையும் 1947 முதல் அதனுடன் கிடைக்கிறது.

2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் சுமார் 5 கோடி பேருக்கு மின்சாரம் நின்றது. இதன் பின் 2005-ல் வந்த சட்டம், மத்திய எரிசக்தித் துறை முக்கியம் என்று அறிவிக்கும் பாதைகளில் மட்டும், மாநிலம் ஓராண்டுக்கு மேல் அனுமதியை நிறுத்தி வைத்தால் ஆணையமே அனுமதி தரலாம் என்றது.

ஆனால் சட்டத்தில் ஒரு 'பக்' இருந்தது. மாநிலம் பதில் சொல்லாமல் இருப்பது வேறு, 'முடியாது' என்று மறுப்பது வேறு என 2009-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுத்துவிட்டால் ஆணையம் தலையிட முடியாது! இதற்கான 'பேட்ச்' 2021-ல்தான் வந்தது. மாநிலம் மறுத்தாலும் ஆணையம் பரிசீலிக்கலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. அதற்கான விதிகளை ஆணையம் 2024 மே மாதம் வெளியிட்டது.

மத்திய அரசின் நிலத்தைக் கடந்தால் அதற்குத் தனி அனுமதி வேண்டும். நியூ மெக்சிகோவிலிருந்து அரிசோனா வரை சுமார் 885 கி.மீ. செல்லும் 'சன்சியா' லைனுக்கு 2006-ல் திட்டமிடத் தொடங்கினார்கள். கட்டுமானம் தொடங்கியது 2023-ல்!

தாமதம் என்று மட்டும் இதைப் பார்க்கக் கூடாது. கோபுரம் நிற்கப் போவது யாரோ ஒருவரின் வயலில். அவர் தன் மாநிலத்தில் முறையிடுவது எளிது. தலைநகர் வாஷிங்டன் வரை போய் முறையிடுவது அத்தனை எளிதல்ல. கடைசி பாஸ்வேர்ட் யாரிடம் இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.